வேதக்காரருக்குக் கோபம் வராதாம்

புதிதாகப் போர்மேன் சர்டிபிகேட் வாங்கிப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன். முதலில் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

போன வாரம் உங்களில் ஒருத்தர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பியிருந்தீர்கள். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். யாரோ ஒரு ஏஜென்சிக்காரர் உங்கள் கம்பெனிக்கு விற்ற கேள்வித்தாள் அது. ஆள் எடுக்கும்போது அதை நிரப்பச் சொல்லி, குணத்துக்கு மார்க் போடுவார்களாம். சீக்கிரம் கோபம் வருமா, பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் செய்வீர்களா, வேலையைப் பாதியில் விடுவீர்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், நடுவில் தினமும் சாமி கும்பிடுவீர்களா, வாரம் தவறாமல் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவீர்களா என்று இரண்டு கேள்வி. கடைசியில் இணக்கம், பொறுப்பு, நிதானம் என்று மூன்று கட்டம். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தீர்கள்: “சார், சர்ச்சுக்குப் போறவங்களுக்கு மூணு கட்டத்துலயும் நல்ல மார்க் விழுது. மருந்து ரூமுக்கு அவங்களாவே பாத்து எடுத்துக்கலாமா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். மகள் வாங்கிக் கொடுத்த போன், அதனால் தப்பித்தது.

இத்தனைக்கும் நானே சர்ச்சுக்குப் போகிறவன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து வேதக்காரன். பிறந்ததிலிருந்து கோபக்காரனும்கூட. நாற்பது வருஷமாக ஆண்டவரிடம் இந்தக் கோபத்தை எடுத்துவிடும் என்று முழங்கால் போட்டுக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் அந்த மனுவைப் பிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் தாளை நான் நிரப்பினால் என்ன மார்க் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களைத் திட்டிவிட்டு நான் யோக்கியன் மாதிரி உட்கார முடியாது. நீங்கள் தாளில் செய்ய நினைத்ததை நான் தாளே இல்லாமல் செய்தவன். அதனால் ஒரு மனிதரின் இரண்டு கையும் போயின.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேனாக இருந்தேன். என்னை வேலைக்கு எடுத்தபோது முதலாளி கேட்டது ஒரே கேள்வி. “நீங்க வேதக்காரரா?” ஆமாம் என்றேன். “அப்பச் சரி. குடிக்க மாட்டீக, பொய் சொல்ல மாட்டீக, சத்தம் போட மாட்டீக. நாளைக்கே வந்துருங்க.” அவர் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு செவ்வாய் வெள்ளி கோயிலுக்குப் போகிறவர். ஆனால் அவருக்கு வேதக்காரர்கள்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அந்த மூன்றில் முதல் இரண்டுக்கு என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியும். மூன்றாவதை அவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார். “என்னய்யா, வேதக்காரருக்கு இம்புட்டுக் கோவமா?” என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிப்போடு அது முடிந்திருந்தால் பரவாயில்லை. நானும் அதே தராசைத் தூக்கிக்கொண்டேன்.

மருந்து ரூமில் வெடிமருந்து கலக்குவதுதான் நம் வேலையிலேயே ஆபத்தானது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஆள் பார்க்கும்போது நான் கையைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். அப்படிப் பார்த்து எடுத்தவர் ஜெயராஜ். எங்கள் சபைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய அப்பா காலத்தில் குடும்பமே அடுத்தவர் காட்டில் விவசாயக் கூலி வேலைக்குப் போனது. இவர் தலைமுறையில் பட்டாசுக்கு வந்தார்கள். ஜெயராஜ் மாதிரி சாந்தமான மனுஷனை நான் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் “சரிங்கய்யா.” திட்டினாலும் “சரிங்கய்யா.” சபையில் போதகர் ஒருமுறை பிரசங்கத்துக்கு நடுவில் அவரை எழுப்பி நிறுத்தி, “ஒரு விசுவாசியோட குணம் எப்படி இருக்கணும்னா, இவரைப் பாருங்க” என்றார். ஜெயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

அதே சபையில் முத்துமாரி என்று ஒரு பெண் இருந்தாள். தாயில்பட்டிக்காரி, நாற்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் சபைக்கு வந்தவள், பழைய பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. “கூப்பிட்டா ஆண்டவருக்கு இந்தப் பேருல காது கேக்காதா?” என்று போதகரிடமே கேட்டவள். கம்பெனியில் மருந்து அடைக்கிற பகுதியில் வேலை. கை சுத்தம், கண் கூர்மை, வாய் மட்டும் அடங்காது. சட்டத்தை மீறி ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார வைத்தால் எழுந்து வாசலில் நின்றுகொண்டு, “அஞ்சாவது ஆளு நான். நான் வெளிய நிக்கேன். சம்பளத்தப் பிடிச்சா பிடிச்சுக்கிடுங்க” என்பாள். பட்டுச் சேலை மாதிரி மின்னுகிற, உரசினால் பொறி பறக்கிற நைலக்ஸ் சேலை கட்டி வந்த ஒரு பெண்ணைக் கேட்டிலேயே நிறுத்தி வீட்டுக்குத் துரத்தினாள். அது என் வேலை. நான் பார்க்காமல் விட்டதை அவள் பார்த்தாள். அதற்கு நன்றி சொல்லவேண்டிய நான், “இந்த வாய் ஆகாதும்மா, நீ ஜெபம் பண்றவ” என்று புத்தி சொன்னேன்.

மருந்து ரூமில் ஓர் ஆள் தேவைப்பட்டபோது அவளே வந்து கேட்டாள். “எனக்கு அந்த வேலை தெரியும். என்னைப் போடுங்க.” நான் போடவில்லை. நிதானம் இல்லாதவள் என்று முதலாளியிடம் சொன்னேன். இன்றைக்கு உங்கள் தாளில் மூன்று கட்டம் இருக்கிறதே, அந்த மூன்றிலும் நான் அவளுக்குச் சைபர் போட்டேன். ஜெயராஜுக்கு நூறு போட்டேன். பேனா எடுக்காமலே போட்டேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். சீசன் உச்சத்தில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் வேலையை நிறுத்த வேண்டும், கலந்த மருந்தில் மிச்சம் இருந்தால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். இது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் உயிர்மேல் ஆசை இருக்கிறவன் அதைத்தான் செய்வான். ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும், மூத்திர வாடை கிளம்பும். அது நம்மைக் கேட்டுக்கொண்டு வெடிக்காது. அன்றைக்கு நான் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருந்தேன். முதலாளியின் மருமகன்தான் மேனேஜர். திங்கட்கிழமை லோடு போயாக வேண்டும் என்ற அவசரத்தில் அவர் ஜெயராஜிடம், மிச்சத்தை மூடி வை, திங்கட்கிழமை காலையில் அடைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஜெயராஜ் “சரிங்கய்யா” என்றிருக்கிறார். இது எதுவும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை லாரி வந்து நிற்கிறது. மேனேஜர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். நான் ஆபீஸ் வாசலில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மருந்து ரூம் பக்கமிருந்து முத்துமாரியின் குரல் கேட்டது. அவள் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

“ஒருத்தரும் உள்ள போகப்படாது! ஏலே பிள்ளைகளா, அங்கனயே நில்லுங்க!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். மருந்து வாங்கிப் போக வந்த மூன்று பெண்பிள்ளைகள், எல்லாம் இருபது வயதுக்காரிகள், கையில் பாத்திரத்தோடு விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். முத்துமாரி மருந்து ரூம் வாசலை மறித்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். ஜெயராஜ் ஓரமாகத் தலையைக் குனிந்தபடி நிற்கிறார்.

“என்ன இங்கன ஆர்ப்பாட்டம்?” என்றேன்.

“மருந்து நாறுது. உள்ள பேசின்ல போட்டு மூடி வச்சிருக்காக. சனிக்கிழமை மிச்சம் அது. மூத்திர நாத்தம் அடிக்கி. நீங்களே வந்து பாருங்க.”

நான் அந்த அறைக்கு இருபத்தைந்து அடி தள்ளி நின்றேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. பத்து எட்டு வைத்திருந்தால் வந்திருக்கும். பத்தே எட்டு. நான் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஜெயராஜின் முகத்தைப் பார்த்து, “மிச்சம் ஏதும் இருக்கா ஜெயராஜ்?” என்றேன்.

ஜெயராஜ் நிமிரவில்லை. “நீங்க சொல்றபடி செய்றேன்யா” என்றார்.

கவனியுங்கள். நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் சாந்தமான ஆள் சாந்தமாகச் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மை கத்தாது, பொய்தான் கத்தும் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் முத்துமாரி பக்கம் திரும்பினேன்.

“ஞாயித்துக்கிழமை சபையில முன்னாடி உக்காந்து கண்ணீர் விட்டு ஜெபம் பண்ற. திங்கக்கிழமை காலையில இதுதானா உன் சாட்சி?”

சபைக்காரர்களுக்கு மட்டும்தான் இந்த வார்த்தையின் உறைப்பு தெரியும். நீ நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்துத்தான் ஊர் உன் ஆண்டவரை மதிக்கும், அதைக் கெடுத்துவிட்டாயே என்று அர்த்தம். அவள் முகம் ஒரு நொடி சிறுத்துப் போனது. உடனே சரியாகிவிட்டது.

“என் சாட்சிய ஆண்டவரு பாத்துக்கிடுவாரு. நீங்க அந்தப் பேசினைப் பாருங்க.”

தம்பிகளே, முப்பது வருஷ வேலையில் எனக்கு யாரும் இதைவிட நல்ல புத்தி சொன்னதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “கேட்டுக்கு வெளிய போ. இன்னைக்கு உனக்கு வேலை கெடையாது” என்றேன்.

அவள் போனாள். சும்மா போகவில்லை. அந்த மூன்று பிள்ளைகளின் கையையும் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “நீங்க எங்க போறீக?” என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். அதுகள் என்னைவிட அவளுக்குத்தான் பயந்தன. அந்தப் பயத்தை நான் கும்பிடுகிறேன். நான் ஜெயராஜிடம், “நீங்க போய் வேலையைப் பாருங்க. வேற ஆள் அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். ஆபீசுக்குப் பாதி தூரம்கூட வரவில்லை.

சத்தத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள், அல்லது கேட்காமலே போகட்டும். அறையின் கூரை இல்லை. ஜெயராஜ் வாசலுக்கு வெளியே மணலில் கிடந்தார். மூடியைத் தூக்கியிருக்கிறார், அவ்வளவுதான். கேட்டுக்கு வெளியே போன முத்துமாரிதான் முதலில் ஓடி வந்தாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். அவள் என்னைத் தாண்டி ஓடினாள்.

மூன்று பிள்ளைகளும் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அது என்னால் அல்ல. என் உத்தரவை மீறிப் போனதால்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வாய்க்காரர்களாகப் பார்த்து மருந்து ரூமில் போட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் உங்களையும் திட்டுவேன். வாய் நிறையப் பேசிக்கொண்டே பீடியோடு உள்ளே வந்தவனையும் பார்த்திருக்கிறேன். அதிர்ந்து பேசாமல் சிரித்த முகத்தோடு “இன்னைக்கு வேணாம் சார், மருந்து சரியில்ல” என்று சொல்லி முதலாளியையே திருப்பி அனுப்பிய ஒரு பூசாரி மகனையும் பார்த்திருக்கிறேன். குணம் ஒன்று, நம்பிக்கை ஒன்று, வேலையில் காட்டும் அக்கறை ஒன்று. மூன்றும் ஓர் ஆளுக்குள் எப்படி எப்படியோ கலந்து கிடக்கும். வெளியே நின்று பெயரையும் கும்பிடுகிற சாமியையும் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல நாம் யார்? ஆளைப் பற்றி முடிவு கட்டுவது சுலபம். பேசினைப் போய்ப் பார்ப்பதற்குத்தான் பத்து எட்டு நடக்க வேண்டியிருக்கிறது. போர்மேன் சம்பளம் அந்தப் பத்து எட்டுக்குத்தான்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் என் தப்பின் கதை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது அதற்குப் பின்னால் நடந்ததில்தான்.

இரண்டாம் நாளே கம்பெனியில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. முத்துமாரி காலையில் போட்ட சண்டையில் ஜெயராஜுக்குக் கவனம் சிதறிவிட்டது, அதனால்தான் விபத்து என்று. யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியும், நிரூபிக்க முடியாது. தடுத்தவள்தான் காரணமாம்! அந்தப் பேச்சு எம். புதுப்பட்டியிலிருந்து தாயில்பட்டிக்கு அவளுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியிலும் அவளை எடுக்கவில்லை. ராசியில்லாதவள், சண்டைக்காரி.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். “மிச்ச மருந்தைக் கம்பெனிக்குத் தெரியாமல் என் இஷ்டத்தில் நானே வைத்தேன்” என்று ஜெயராஜ் சொல்வதுபோல் டைப் அடித்திருந்தது. கையெழுத்து வைக்க அவருக்குக் கை இல்லை. கால் பெருவிரலில் ரேகை வாங்கி வரச் சொன்னார்.

“நீங்க போனாத்தான் சரிப்படும். ரெண்டு பேரும் ஒரே சாமி. மன்னிக்கிறதும் விட்டுக்கொடுக்கிறதும் உங்க ஆளுகளுக்குப் புதுசா?” என்றார்.

எனக்கு எங்கே போயிற்று அந்தக் கோபம்? எதற்கெல்லாமோ சுள்ளென்று வரும் கோபம் அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் அந்தத் தாள் என்னையும் காப்பாற்றும். விபத்து நடந்தால் முதலில் போலீஸ் தேடுவது போர்மேனை. பொறுப்பு ஜெயராஜ் தலையில் விழுந்தால் நான் வீட்டில் தூங்கலாம். நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஜெயராஜ் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியக் கட்டுப்போட்டுக் கிடந்தார். அவர் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஜெபம் பண்ணினேன். கண்ணை மூடி, நல்ல குரலில், சுகம் கொடும் ஆண்டவரே என்று பண்ணினேன். பையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பண்ணினேன். பிறகு எடுத்து வாசித்துக் காட்டி, “நீங்க பொறுமைசாலி ஜெயராஜ். உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. பகையை மனசுல வச்சுக்க மாட்டீக” என்றேன்.

அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். பேசும்போது குரல் தேய்ந்து வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“வேணாம்யா.”

நான் அவரிடமிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

“சனிக்கிழமை மேனேஜர் வைக்கச் சொன்னப்பவே தப்புன்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமை நீங்க கேட்டப்பவும் தெரியும். வாய் வரல. சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். எங்கப்பாரு காட்டுக்காரரு முன்னாடி கைகட்டி நின்னாரு, பக்கத்துல நானும் நின்னேன். பழகிப்போச்சு. அதப் போயி நீங்க எல்லாரும் விசுவாசம்னு சொன்னீக. பொறுமைன்னு சொன்னீக. சபையில எந்திரிக்கச் சொல்லிப் பாராட்டினீக. கேக்க நல்லா இருந்துச்சு. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்.”

மூச்சு வாங்கினார். மனைவி தண்ணீர் கொடுக்கப் போனார், வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“அது பயம்யா. வெறும் பயம். முத்துமாரி அக்கா கத்துறப்ப, அக்கா சொல்றது நெசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்னா எனக்குக் கை இருந்திருக்கும். இன்னைக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தாளுக்குச் சரின்னு சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்க.”

இதுவரைக்கும் ஒரு பிரசங்கத்தில்கூட நான் அப்படித் தலை குனிந்தது கிடையாது. அவர் அன்றைக்கு முதல் தடவையாக மாட்டேன் என்றார், அதுவும் பயத்தோடே. எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் இதை? இணக்கத்திலா, நிதானத்திலா?

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளைக் கிழித்தேன். கடையில் ஒரு நோட்டு வாங்கி, என் கையால் எழுதினேன். மேனேஜர் சொல்லி மருந்து வைக்கப்பட்டது, முத்துமாரி தடுத்தாள், போய்ப் பார்க்கச் சொன்னாள், போர்மேனாகிய நான் பார்க்காமல் அவளை வெளியேற்றிவிட்டு ஜெயராஜை உள்ளே அனுப்பினேன் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அதனால் நான் கைதானது, ஜாமீனில் வந்தது, கோர்ட்டுக்கு அலைந்தது எல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத கதை. அந்தக் கம்பெனிக்கு நான் திரும்பப் போகவில்லை. பின்னால் வேறு இடங்களில் வேலை பார்த்தேன், மருந்து ரூமுக்கு ஆள் எடுக்கும்போது கும்பிடுகிற சாமியைக் கேட்டதே இல்லை.

அந்த நோட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுப்பதற்கு முன்னால் முத்துமாரியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று, எழுதிய மறுநாள் காலையில் தாயில்பட்டிக்குப் போனேன். அவள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தியின் தாயும் அங்கே இருந்தாள். அவளும்தான் பேசவில்லை.

நான் முத்துமாரியைத் தனியாகக் கூப்பிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லி, “என்னை மன்னிச்சிரும்மா” என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சபைக்காரி, மன்னித்துவிடுவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள், நான் மனசு லேசாகிப் பஸ் ஏறலாம் என்று. ஜெயராஜ் அப்படிச் சொன்ன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மன்னிப்பு பெறகு. அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, அவருகிட்ட இன்னும் நான் பேசல. ஆத்திரம் தீரல எனக்கு. அதுல என்ன எழுதியிருக்கீக?”

“நடந்தது எல்லாம் எழுதியிருக்கேன்.”

“அப்ப வாசிங்க.”

“நீயே படிச்சுப் பாரேன்.”

“எனக்கு நடந்தது தெரியும், எனக்கெதுக்கு? இந்தத் தெருவுல அம்புட்டுப் பேரும் என்னாலதான் ஜெயராஜ் கையி போச்சுன்னு பேசுறாக. குழாயில எனக்கு எடம் விட மாட்டேங்காக. இங்கன நின்னு இவுக எல்லாருக்கும் வாசிங்க.”

குழாயை யாரோ நிறுத்தினார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களும் வாசலுக்கு வந்தார்கள். நான் நோட்டைப் பிரித்தேன். ஊர், தேதி, என் பெயர், என் வேலை, இதெல்லாம் நன்றாகத்தான் வாசித்தேன். சனிக்கிழமை மழையை வாசித்தேன். மேனேஜர் சொன்னதையும் தெளிவாக வாசித்தேன். முத்துமாரி வாசலை மறித்த இடம் வந்தது. “மருந்தை வந்து பார்க்கும்படி அவர் என்னிடம் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை” என்ற வரிக்கு வந்தபோது, அத்தனை வருஷம் கம்பெனி முழுக்கக் கேட்கக் கத்திய என் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

“கேக்கல,” என்றாள் முத்துமாரி. “இன்னுங் கொஞ்சம் சத்தமா.”

முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.